இந்த வருஷ வாக்குத்தத்தம்

வெள்ளம் வடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்த வீட்டின் முன்சுவரில் தண்ணீர் நின்ற கோடு அப்படியே இருந்தது, என் தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில். கோட்டுக்குக் கீழே சுவர் செம்மண் நிறம், மேலே பழைய வெள்ளை. ஏரல் வழி இன்னும் சரியாகவில்லை என்று சொன்னார்கள். ஆழ்வார்திருநகரி வழியாகச் சுற்றி, நாசரேத்துக்கு முன்பே ஆற்றுப் பக்கம் இறங்கும் அந்தத் தெருவுக்கு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தேன். பிற்பகல் வெயில் நன்றாகவே அடித்தது. பயப்படுவதற்கு ஏற்ற நேரமே இல்லை அது.

கேட்டைத் திறந்தவர் எஸ்றா, எனக்குப் பழக்கமான ஜெர்சனின் அப்பா. நாசரேத்தில் நெடுங்காலம் மருந்துக்கடை வைத்திருந்தவர். ஒரு காலில் துணிக்கட்டு போட்டிருந்தார். தாங்கித் தாங்கி நடந்தார்.

"தூத்துக்குடி சந்தனச்செல்வியா? வாங்கம்மா. கம்ப்யூட்டர் பெட்டி மாடில இருக்கு. உள்ள இருக்கதை எல்லாம் சுத்தமா அழிச்சிருங்க."

"டீச்சர் போன்ல திறந்து குடுக்கணும்னுல்லா சொன்னாங்க, அண்ணாச்சி?"

"அவ அப்படித்தான் சொல்லுவா. நீங்க அழிச்சிருங்க."

நான் தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். எனக்குப் பேயைவிட அதிகம் பயம் தருவது, மானிட்டர் ஓரத்தில் பாஸ்வேர்டு எழுதி ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டுதான். எத்தனை பேரிடம் தொண்டை வறளக் கத்தியிருப்பேன்! ஜெர்சன் ஒருவனிடம்தான் கத்த வேண்டி வந்ததில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏற்றுமதி ஏஜென்சியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவன். "செல்வியக்கா, எங்க மேனேஜர் பாஸ்வேர்ட எழுதி மானிட்டர்லயே ஒட்டிருக்காரு. ஒரு எட்டு வந்து ஏசிட்டுப் போங்க" என்று சிரித்துக்கொண்டே போன் செய்வான். நாற்காலியை விட்டு எழுந்தால் திரையைப் பூட்டிவிட்டுத்தான் நகர்வான். கேமரா மேல் ஒரு ஒட்டு இருக்கும். கண்ட பென்டிரைவையும் செருக விடமாட்டான். ஹார்டுடிஸ்க் முழுவதையும் குறியீட்டால் பூட்டி வைப்பான். அப்படிப் பூட்டியதை யார் கழற்றிக்கொண்டு போனாலும் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியாது. ஒன்று பாஸ்வேர்டு வேண்டும், இல்லையென்றால் தனியே எடுத்து வைத்திருக்கும் சாவி எண் வேண்டும். தன் வீட்டுப் பெட்டியின் சாவி எண்ணை ஒரு சின்ன பென்டிரைவில் போட்டு வண்டிச் சாவியோடு மாட்டியிருந்தான்.

அந்தச் சாவிக்கொத்து அவன் பாக்கெட்டில் இருந்தது. டிசம்பரில் ஆறு அவனைக் கொண்டுபோனபோது அதையும் சேர்த்துக் கொண்டுபோனது.

மாடிப்படியில் ஏறும்போது எஸ்றா மெதுவாகச் சொன்னார். "சாயங்காலம் ஆறரை ஆனா அது தானா எரியுதும்மா. யாரும் கிட்டயே போறதில்ல."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த வீட்டில் சிரிக்கக் கூடாது என்பதால் அடக்கிக்கொண்டேன். குறித்த நேரத்தில் பெட்டி தானாக இயங்கும்படி வைக்க மதர்போர்டிலேயே ஓர் இடம் இருக்கிறது. ஒரு நிமிட வேலை. அதைச் சொன்னேன்.

"தெரியும்மா. அவன் அம்மைக்காக வச்சது, குடும்ப ஜெபத்துக்கு. தெரிஞ்சாலும் பாக்க முடியல." அவர் பாதிப் படியிலேயே நின்றுவிட்டார்.

மாடி அறையில் ஜெர்சனின் அம்மா தேவமணி டீச்சர் இருந்தார். ஓய்வு பெற்றவர். என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கீழ்வீட்டில் இருந்த எல்லாம் போயிருந்தன. ஆல்பங்கள் சேற்றில் ஊறிக் கூழாகிவிட்டன. டீச்சரின் போனும் தண்ணீரில் போனது. மகனின் முகமும் குரலும் மிஞ்சியிருந்தது இந்த ஒரு பெட்டிக்குள்தான்.

"எனக்குக் கண்ணு மங்கல்னு எழுத்தையெல்லாம் பெருசாக்கிக் குடுத்தான். ஆறரைக்கு இது எரியும். நான் பாஸ்வேர்டு அடிச்சா அவன் சத்தத்துலயே, ‘அம்மா, ஆறரை ஆச்சு, கண்ணாடியப் போடுங்க’ன்னு சொல்லும். அன்னைக்குப் படிக்க வேண்டிய வேதபாகம் பெருசா வரும். வருஷம் பூரா நான் அடிச்ச பாஸ்வேர்டு. இப்ப தப்புன்னு சொல்லுது."

பிறகு கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உன்னைக் கூப்பிட்டது என் ஆசைக்காக மட்டும் இல்லளா. அவன் அப்பாவுக்குச் சுகர். அன்னைக்குத் தண்ணி ஏற ஏற நாங்க மூணு பேரும் மாடிக்கு வந்துட்டோம். இவுக மாத்திரை கீழ கெடந்தது. ‘அப்பா, இரிங்க, இந்தா வந்துட்டேன்’னு இறங்கினான். அதுக்கப்புறம் இவுக மாத்திரையத் தொடுறதே இல்ல. காலையில மாத்திரை அட்டைய நான் சட்டைப் பையில வைப்பேன். ராத்திரி பாத்தா அப்படியே இருக்கும். கால்ல புண்ணு ஆறவே மாட்டேங்கு. டாக்டர் ஏசுதாரு. அவன் சத்தத்தைக் கேட்டாலாவது மனசு மாறும்லா? இருக்கது இவுக ஒருத்தர்தான். இவரையும் விட்டுட்டு நான் என்ன செய்ய?"

நான் திரும்பி, பெட்டியின் சுவிட்சைப் போட்டேன்.

ஜெர்சன் இடது கைக்காரன். மவுஸ் கீபோர்டுக்கு இடப்பக்கம் இருந்தது, பொத்தான்களையும் மாற்றி வைத்திருந்தான். அதை எடுத்து வலப்பக்கம் வைத்துக்கொண்டேன். திரையில் பெரிய எழுத்துகள் வந்தன. டீச்சர் தன் கையாலேயே பழைய பாஸ்வேர்டை அடித்தார். எந்த எழுத்திலும் விரல் தடுமாறவில்லை.

தவறு என்றது. கீழே ஒரு குறிப்பு வந்தது. அவனே எழுதி வைத்த குறிப்பு.

இந்த வருஷ வாக்குத்தத்தம்.

இந்தப் பக்கத்துச் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. வருஷப் பிறப்பு ஆராதனையில் தட்டு நிறைய மடித்து ஒட்டிய அட்டைகள் வரும். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். உள்ளே ஒரு வசனம் இருக்கும். அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அந்த ஆளுக்குக் கொடுக்கிற வாக்கு அது. தன் அட்டையைத் தானே பிரிக்க வேண்டும் என்பது இந்த வீட்டில் கண்டிப்பு. ஜெர்சன் கோயிலில் இருந்து வந்ததும் அட்டையைப் பிரித்து, அந்த வசனம் வேதத்தில் வரும் இடத்தையே, அதாவது புத்தகத்தின் பெயர், அதிகாரம், எண்ணை, பாஸ்வேர்டாக மாற்றிவிட்டுத்தான் படுக்கப் போவானாம். வருஷா வருஷம் பாஸ்வேர்டு மாறும், மறக்கவும் மறக்காது. அதைக் கேட்டதும், உயிரோடு இருந்தால் அவன் முதுகில் தட்டிக் கொடுத்திருப்பேன் என்று நினைத்தேன்.

"அப்போ டிசம்பர்லயே அவன் மாத்திருக்கணும், டீச்சர். உங்ககிட்ட சொல்ல மறந்திருப்பான்."

"வெள்ளத்துக்கு முந்தின சாயங்காலம்கூட நான் அடிச்சேனே. திறந்துச்சே."

அதற்கு முந்தைய வருஷங்களின் வசனங்களையும் அடித்துப் பார்த்தோம். எல்லாம் தவறு. சில முறைக்கு மேல் போனதும் பெட்டி எங்களை வெளியே தள்ளி, பொறுத்து வரச் சொன்னது. அதுவும் அவன் வைத்த காவல்தான். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. தெருவில் எங்கோ உடைந்த சுவரைச் செங்கல் செங்கலாக அடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

ஆற்று வண்டல் வாசனை. கீழ்வீட்டில் அது இருந்தது இயல்புதான், இன்னும் கழுவி முடியவில்லை. ஆனால் மாடித் தரை காய்ந்து கிடந்தது. ஜன்னல் வழியாகக் காற்றும் வரவில்லை. யாரோ நனைந்த உடுப்போடு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பதுபோல் வாசனை மட்டும் கனத்தது.

டீச்சர் பக்கம் திரும்பி, "இனி ஒண்ணுமே செய்ய முடியாது, டீச்சர். உள்ளதை அழிச்சுப் புதுசா போடத்தான் முடியும்" என்றேன். அதைச் சொல்ல எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

மறுபடி மேஜையைப் பார்த்தேன்.

மவுஸ் இடப்பக்கம் இருந்தது.

தொட்டேன். ஈரம்.

நான் கையை எடுத்துவிட்டேன். டீச்சர் மவுஸைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அவர் பயப்படவில்லை. மெல்ல எழுந்து, அலமாரியில் இருந்து வேதப்புத்தகத்தை எடுத்து, அதற்குள்ளிருந்து மடித்து ஒட்டிய ஓர் அட்டையை வெளியே எடுத்தார்.

"அவனுக்குப் புதுசு ஒண்ணு உண்டு" என்றார்.

"புரியல டீச்சர்."

"வருஷப் பிறப்புக்கு அவன் இன்னும் கிடைக்கல. தேடிக்கிட்டுதான் இருந்தாவ. எங்கயாவது ஆஸ்பத்திரில பேர் தெரியாமக் கெடப்பான்னு நெனச்சேன். தட்டு வந்தப்ப எனக்கு ஒண்ணு எடுத்தேன், அவனுக்கும் ஒண்ணு எடுத்தேன். வந்து அவனே பிரிக்கட்டும்னு வச்சேன். அந்த வாரம்தான் கொற்கைப் பக்கம் வயல்ல, வண்டலுக்குள்ள..." அவர் நிறுத்திக்கொண்டார்.

"செத்தவனுக்கு அட்டை எடுத்தவ அவ." வாசலில் எஸ்றா நின்றுகொண்டிருந்தார். எப்போது ஏறி வந்தார் என்று தெரியவில்லை. "எடுக்காதன்னு அப்பவே ஏசினேன். கேட்டாளா? அந்தப் பெட்டிய அழிங்கம்மா. அவன் போகட்டும்."

"பிரிக்காத அட்டை, டீச்சர். அதை யாரும் பாக்கவே இல்லையே?" என்றேன்.

"யாரும் பாக்கல. பெட்டி எப்பத் திறக்கலன்னு பாத்தேன்னா, பொங்கல் கழிஞ்சு தெருவுக்குக் கரண்ட் வந்த அன்னைக்கு. அவனே வந்து இந்த அட்டைக்கு மாத்திட்டானோன்னு, அதுலேருந்து ராவும் பகலும் எனக்கு இதே யோசனைதான். அவுக முன்னாடி சொல்லப் பயம்."

அவர் அட்டையை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. நான் சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்குப் போகிறவள். அடுத்தவர் சாமி காரியம் என்றாலும் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று எனக்குத் தெரியும். கடைசியில் எஸ்றாதான் வெடுக்கென்று பிடுங்கினார். கிழித்துப் போடப் போகிறார் என்று நினைத்தேன். ஒட்டியிருந்த ஓரத்தை நகத்தால் மெதுவாகப் பிரித்தார். வசனத்தைப் படித்தார். வசனத்தை அவர் சொல்லவில்லை, அது இருக்கும் இடத்தை மட்டும் சொன்னார்.

எந்த இடம் என்று இங்கே எழுத மாட்டேன். பாஸ்வேர்டை எழுதிக் காட்டும் பழக்கம் எனக்கு இல்லை.

அடித்தேன்.

பெட்டி திறந்தது.

"அம்மா, ஆறரை ஆச்சு. கண்ணாடியப் போடுங்க."

ஸ்பீக்கரில் இருந்து வந்த குரல் அவனுடையதேதான். வாயோரம் ஒரு சிரிப்போடு பேசுவானே, அதே குரல். டீச்சர் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். பிறகு, அவன் சொன்னபடியே, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்து நானும் அழுதுவிட்டேன்.

பழக்க தோஷத்தில் கை கறுப்புத் திரையைத் திறந்து ஒரு கட்டளையை அடித்தது. பாஸ்வேர்டு கடைசியாக மாற்றப்பட்ட நாள் என்ன என்று கேட்டால் பெட்டி சொல்லும். ஏதோ ஒரு டிசம்பர் நாளைச் சொல்லும், மனம் நிம்மதியாகும் என்று நினைத்தேன்.

ஜனவரி ஒன்று. விடியற்காலை.

கோயில் முடிந்து அவன் வழக்கமாக வீட்டுக்கு வரும் நேரம். அன்று அந்தத் தெருவில் மின்சாரமே கிடையாது. அவன் உடல் கொற்கை வயலில் கிடந்தது.

நான் அந்தத் திரையை உடனே மூடிவிட்டேன். இருவரிடமும் சொல்லவில்லை. விளக்கம் கேட்டால் என்னிடம் இல்லை. பெட்டிகளைப் பற்றி என்னிடம் விளக்கம் இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை.

அவன் குரல் இருந்த பதிவுகளை எல்லாம் டீச்சரின் புதுப் போனுக்கு மாற்றினேன். கோயில் பாடகர் குழுவில் பாடியது, டீச்சருக்கு மருந்து, கண்ணாடி, ஜெபம் என்று நினைவூட்டிச் சொன்னது, எல்லாம். எஸ்றா சுவரைப் பிடித்தபடி ஒவ்வொன்றையும் கேட்டார். எல்லாம் முடிந்த பிறகு, சின்னப் பிள்ளை தின்பண்டம் கேட்பதுபோல் தயங்கிக் கேட்டார்.

"அப்பான்னு எங்கயாவது இருக்கான்னு பாருங்கம்மா."

பார்த்தேன். ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தேன். அம்மா, அம்மா, அம்மா. அப்பா என்று எங்கும் இல்லை. கண் மங்கிய அம்மாவுக்குத்தானே அவன் இதையெல்லாம் செய்தான்? அப்பாவுக்கு நினைவூட்டு எதற்கு, மருந்துக்கடைக்காரர்! அவனுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும்.

"இல்ல, அண்ணாச்சி."

"ம்." அவர் தலையை ஆட்டினார். "எப்படிக் கூப்பிடுவான்? நான்தானே கீழ அனுப்பினேன்."

டீச்சர் அவர் சட்டைப் பையில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதற்காக என்னை வரவழைத்தார்களோ அது மட்டும் நடக்கவில்லை.

"பெட்டியை அழிக்க வேண்டாம். அவ வச்சுக்கிடட்டும்" என்றார் எஸ்றா. "ஆனா பூட்டை எடுத்துருங்க. தானா எரியுறதையும் நிறுத்திருங்க. அவன் வேலை பாத்தது போதும். இந்த ஸ்பீக்கரையும் நீங்களே கொண்டு போயிருங்க. இனி இது இங்கன பேச வேண்டாம்."

பாஸ்வேர்டை எடுத்தேன். ஆறரை மணி ஏற்பாட்டை எடுத்தேன். அவன் குரலில் பேசும் ஏற்பாட்டையும் எடுத்தேன். ஒவ்வொன்றை எடுக்கும்போதும் அவனை மறுபடி ஒரு தடவை புதைப்பதுபோல் இருந்தது. பாதுகாப்பு வேண்டும் வேண்டும் என்று ஊரெல்லாம் கத்துகிறவள், பூட்டே இல்லாத ஒரு பெட்டியை விட்டுவிட்டு, ஸ்பீக்கரைப் பையில் போட்டுக்கொண்டு இருட்டிய பிறகு கிளம்பினேன். வழியெல்லாம் பையில் இருந்து வண்டல் வாசனை வந்தது. கடைக்கு வந்ததும் துடைத்து, வயரைச் சுற்றி, அலமாரி மேல்தட்டில் வைத்துவிட்டேன். விற்கவும் மனம் வரவில்லை, தூக்கிப் போடவும் வரவில்லை.

டீச்சர் அவ்வப்போது போன் செய்வார். ஆவணி மாதத்தில் எஸ்றாவின் கால் விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள் என்று சொல்லி அழுதார். "இன்னும் மாத்திரை போட மாட்டேங்காவளா?" என்று கேட்டால், "சட்டைப் பையில வைக்கேன். அப்படியே திரும்பி வருது" என்பார். அதற்கு மேல் நானும் என்ன கேட்பேன்?

அடுத்த வருஷம் பிறந்தது. ஜனவரி ஒன்று சாயங்காலம் கடையில் தனியாக ஒரு மடிக்கணினியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. எஸ்றா. அவர் என்னை அழைத்ததே இல்லை.

"அண்ணாச்சி, புது வருஷ வாழ்த்துகள்."

"மெதுவாப் பேசுங்கம்மா. டீச்சர் கீழ இருக்கா. அவளுக்குத் தெரியாது." அவர் குரல் குசுகுசுவென்று வந்தது. "கோயில்ல நான் ரெண்டு எடுத்துட்டேன்."

கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை மேஜையில் வைத்தேன்.

"எனக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணு. அவளை அந்த ஏச்சு ஏசினவன் நான். தட்டைப் பாத்ததும் கை தானாப் போயிட்டும்மா."

"பிரிச்சியளா?"

"இல்ல. அது அவன் பிரிக்க வேண்டியதுல்லா? சட்டைப் பையிலதான் இருக்கு, மாத்திரையோட. இப்பதான் மாடிக்கு வந்தேன்." அவர் மூச்சு இரைத்தது. "பெட்டி எரியுதும்மா."

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"பாஸ்வேர்டு கேக்குது. கீழ அதே எழுத்து. இந்த வருஷ வாக்குத்தத்தம்னு."

"நீங்க கீழ போயிருங்க, அண்ணாச்சி. நான் நாளைக்கே வந்து பாக்கேன். அங்கன நிக்காதீங்க."

போனில் ஒரு மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பெட்டியின் விசிறி. எனக்குத் தெரியும் அந்தச் சத்தம்.

பிறகு, மிக அருகில், வாயோரம் ஒரு சிரிப்போடு, அந்தக் குரல்.

"அப்பா, ஆறரை ஆச்சு. மாத்திரை போட்டீங்களா?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"போடுதேன்ய்யா" என்றார் எஸ்றா. என்னிடம் இல்லை. "இந்தா, போடுதேன்ய்யா. போட்டுட்டேன் பாரு." மாத்திரை அட்டை நெரியும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு வயதான மனிதர் வாய்விட்டு அழும் சத்தம். போன் துண்டிக்கப்பட்டது.

அப்படி ஒரு பதிவு அந்தப் பெட்டியில் இல்லை. நான்தானே தேடிப் பார்த்தேன்? இருந்திருந்தாலும் பேசுவதற்கு அங்கே ஸ்பீக்கர் இல்லை.

ஸ்டூலைப் போட்டு ஏறி, அலமாரி மேல்தட்டில் இருந்து அதை எடுத்தேன். நான் சுற்றிய வயர் சுற்றியபடியே இருந்தது, மேலே ஒரு வருஷத்துத் தூசி.

தூசிக்கு அடியில் அது நனைந்திருந்தது. கடை முழுக்க வண்டல் வாசனை வந்தது.